அப்பாயி ஏறாத படகு

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு கலர் போட்டோ இருக்கிறது. 1986 மே மாதம், ஊட்டி படகு இல்லத்தில் எடுத்தது. அப்பா, அம்மா, தங்கை, நான் நான்கு பேரும் ஒரு துடுப்புப் படகில் உட்கார்ந்திருக்கிறோம். தங்கை பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். துடுப்புக்காரரின் பாதி முதுகு மட்டும் படத்துக்குள் வந்திருக்கிறது. பின்னால், கரைப் படிக்கட்டில், வெள்ளைச் சேலையும் ஆம்பளை ஸ்வெட்டருமாக ஓர் உருவம் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அப்பாயி.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருஷத்துக்கு ஒருதரம் கோடையில் ஊட்டிக்குப் போவோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பஸ் பயணம். பூங்கா, மலர்க் கண்காட்சி, அப்புறம் லேக். அந்த வருஷம்தான் அப்பா கையில் போனஸ் பணம் மிச்சமிருந்து டிக்கெட் எடுத்தார். ஐந்து டிக்கெட். அப்பாயி வரமாட்டேன் என்றுவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்கப்பா. எனக்கு ஒருக்கா ஏறினது போதும்." அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மிஞ்சிய டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த 'ஒருக்கா' எது என்று எனக்கு அப்போது தெரியாது.

பின்னாளில் நீலகிரியின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோது நான் தேடியது இந்தப் படகைத்தான். கலெக்டர்கள், வேட்டைக்காரர்கள், கவர்னர்கள், தேயிலை, சின்கோனா, ரயில் எல்லாவற்றுக்கும் புத்தகம் இருக்கிறது. இத்தனை உயரத்து மலையில் படகு எங்கிருந்து வந்தது?

தண்ணீரிலிருந்து தொடங்கினால் பதில் எளிது. இந்த மலையின் மேட்டுநிலம் புல்வெளியும் சோலையும் சதுப்பும் ஓடையுமானது. ஓடைகளில் முழங்கால் அளவு தண்ணீர், பாறை, பிறகு அருவி. படகு விடத் தோதான இடமே கிடையாது. இன்று இங்கே படகு மிதக்கிற நீரெல்லாம் யாரோ கரை எழுப்பித் தேக்கிய நீர். முதல் கரையை எழுப்பியவர் ஜான் சல்லிவன், கோயம்புத்தூர் கலெக்டர். 1819இல் மலையேறி வந்தவர், 1822இல் ஸ்டோன்ஹவுஸ் வீட்டைக் கட்டத் தொடங்கினார், 1823இல் தோடர்கள் எருமை மேய்த்த பள்ளத்தாக்கின் ஓடைகளை மறித்து ஏரி வேலையை ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் தண்ணீர் நின்றது. 2022இல் ஊட்டிக்கு 200 வயது என்று விழா எடுத்தோம். வீட்டையும் மனிதரையும் வைத்துக் கணக்குப் போட்டோம். என்னைக் கேட்டால் ஏரியை வைத்துப் போட்டிருக்கலாம். அந்த ஏரிதான் ஒத்தக்கல் மந்துவை ஊட்டி ஆக்கியது.

எதற்காகக் கட்டினார் என்பதில் பல பேச்சு உண்டு. பாசனத்துக்கு என்கிறார்கள், மீன் வளர்க்க என்கிறார்கள், ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு ஓடத்தில் போக என்கிறார்கள். சும்மா சுற்றிவர என்று யாரும் சொல்லவில்லை. அன்றைய ஏரி இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியது. இப்போது பஸ் ஸ்டாண்டு இருக்கும் இடம், குதிரைப் பந்தய மைதானம், ஏரிப் பூங்கா எல்லாம் தண்ணீராக இருந்தவை. மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் கட்டும்போது ஊர்க்காரர்கள் முனிசிபாலிட்டியைத் திட்டுவார்கள். எனக்கு என்னவோ ஏரி தன் பழைய வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போவதாகத் தோன்றும். மூன்று முறை கரை உடைந்து ஏரி வெறும் பள்ளமாகியிருக்கிறது. மூன்று முறையும் மறுபடி கட்டினார்கள். இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர்.

அந்த நீரைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு, குறிப்பாக ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு, ஊர் ஞாபகம் வந்திருக்கும். அவர்கள் நாட்டில் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஏரியை லாக் என்பார்கள். குளிர், மூடுபனி, கரையில் வில்லோ மரம், பள்ளத்தாக்கில் ஒரு நீளத் தண்ணீர். கீழே சமவெளியில் மே மாத வெயில் கொளுத்தும்போது இங்கே கம்பளியைச் சுற்றிக்கொண்டு படகில் போகலாம். 1870களிலிருந்து மதராஸ் அரசாங்கமே கோடைக்கு மூட்டை கட்டி இங்கே வந்துவிட்டது. 1896இல் முதல் மலர்க் கண்காட்சி. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில், 1908இல் ஊட்டிக்கு. அதற்குப் பிறகு கோடை என்பது ஒரு பருவம் மட்டுமல்ல, 'சீசன்' ஆனது. அந்தச் சொல் இன்றுவரை நம்மிடமே இருக்கிறது. "சீசன் எப்படி?" என்றுதான் ஊட்டி வியாபாரிகள் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள்.

சும்மா இன்பத்துக்காகத் துடுப்புப் போடுவது அங்கேயும் அப்படியொன்றும் பழைய வழக்கமல்ல. ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வம்ச வக்கீல் 1865இல் 'ராப் ராய்' என்று பேர் வைத்து ஒரு சிறிய படகைச் செய்தார். ஒற்றை ஆள் உட்காரலாம், இரண்டு முனையிலும் தட்டை வைத்த துடுப்பு. அதில் ஐரோப்பாவின் ஆறுகளையும் ஏரிகளையும் சுற்றிவந்து அடுத்த வருஷமே புத்தகம் போட்டார். அதே வருஷம் லண்டனில் துடுப்புப் படகுச் சங்கமும் வந்தது. கோடை வந்தால் ஆற்றில், ஏரியில், கடலோரத்தில் படகைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் அங்கிருந்து பரவியது. அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது வடதுருவத்து மக்கள் சீல் வேட்டைக்குத் தோலால் செய்த கயாக்கை. அந்த மக்கள் பசிக்காகப் போன படகில் இவர் லீவுக்குப் போனார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒகேனக்கலில் நாம் பரிசலில் ஏறி வாயைப் பிளந்துகொண்டு பாறைகளைப் பார்ப்பதும் இதே கதைதான்.

சரி, மலையின் மக்களுக்குத் தண்ணீரோடு என்ன உறவு? 1901-02இல் தோடர்களோடு தங்கி ஆய்வு செய்து 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். ஆறுகளைப் பற்றி இவ்வளவு கவனமாக எழுதியவருக்கு அப்படி ஒரு குடும்பப் பெயர்! பைக்காரா ஆறும் அவலாஞ்சி ஆறும் தோடர்களுக்குத் தெய்வங்கள் என்று அவர் பதிவு செய்கிறார். அந்த ஆறுகளைக் கடக்கும்போது ஆண்கள் போர்வையிலிருந்து வலது கையை வெளியே எடுத்துக்கொள்வார்கள். கோயில் முன்னால் நாம் துண்டை இடுப்பில் கட்டுவதில்லையா, அதுபோல. செத்த பிறகு மேற்கே அம்னோர் என்ற உலகத்துக்குப் போக வேண்டும், வழியில் ஓர் ஆறு உண்டு. அதன்மேல் நூலால் ஆன பாலம். கெட்டவர்கள் அதிலிருந்து விழுவார்கள், கீழே அட்டைகள் காத்திருக்கும். இதை முதல்முறை வாசித்தபோது ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். எத்தனையோ இனங்களின் கதையில் செத்தவரை ஆறு தாண்ட வைக்க ஓர் ஓடக்காரன் வருவான். இங்கே மறுமைக்குப் போகும் வழியில்கூட ஓடம் கிடையாது. பாலம்தான், அதுவும் நூலில். நரகத்தில் அட்டை என்பதும் மழைக்காலத்தில் சோலைக்குள் போய்வந்த யாருக்கும் உடனே புரியும்.

அந்தத் தெய்வ ஆற்றில் இன்று ஸ்பீட் போட் போகிறது.

ஸ்பீட் போட்டுக்காக யாரும் பைக்காராவில் அணை கட்டவில்லை. அது மின்சாரத்துக்கு. 1920களில் சென்னை மாகாண அரசின் நிர்வாக சபையில் இருந்த சி. பி. ராமசாமி ஐயர் முன்னெடுத்த திட்டங்களில் மேட்டூரும் பைக்காராவும் முக்கியமானவை. 1929இல் வேலை தொடங்கி 1932இல் மின்சாரம் வந்தது. மாகாணத்தில் அரசு செய்த முதல் பெரிய நீர்மின் திட்டம். அதன் சூத்திரம் உயரம்தான். தண்ணீர் ஏராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் மலை விளிம்பிலிருந்து கீழே விழ மூவாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. கிளன்மார்கனிலிருந்து இரும்புக் குழாய்களில் சரிந்து சிங்காராவில் சக்கரத்தை அடிக்கும்போது கொஞ்சம் தண்ணீருக்கே அசுர பலம். அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்குப் போனது. பஞ்சாலைகள் பெருகின, தோட்டங்களில் கிணற்று மோட்டார் ஓடியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கரண்ட்டைச் சில சமயம் 'பைக்காரா' என்றே சொல்வார்கள், "பைக்காரா போயிருச்சு" என்றால் விளக்கு அணைந்துவிட்டது என்று அர்த்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று மலையின் தெற்கும் மேற்கும் ஏரிகளாகின. சோலையும் புல்வெளியும் மந்துகளும் இருந்த பள்ளங்கள். துடுப்புப் படகுக்குப் பேர்போன நாட்டுக்காரர்கள் வந்து கட்ட உதவிய ஏரிகள். அவர்களில் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கனூ விட்டிருப்பார்களா என்று ஓர் அற்ப ஆசை எனக்கு உண்டு.

1973இல் ஊட்டி ஏரியைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் எடுத்துக்கொண்டு படகு விட ஆரம்பித்தது. வெள்ளைக்காரர்களின் சீசன் அப்போதுதான் நம்முடையதானது. மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு. தேனிலவு ஜோடிகள், ஈரோட்டு ஜவுளிக் கடைக்காரர்கள், கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள், எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மே மாதத்தில் படகுப் போட்டியும் உண்டு. ஒரு காலத்தில் துரைமார்கள் மட்டும் சுற்றிவந்த தண்ணீரில் அப்பா டிக்கெட் வாங்கி எங்களை ஏற்றினார் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். கோடப்பமந்து கால்வாய் ஊர்ச் சாக்கடையைக் கொண்டுவந்து அதே தண்ணீரில் கொட்டுகிறது, பாதிக் கரையை ஆகாயத்தாமரை மூடுகிறது, சீசனில் கூட்டம் தாங்காமல் 2024இல் நீதிமன்றம் இ-பாஸ் போடச் சொன்னது. எல்லாம் உண்மை. இருந்தாலும் படகு கரையை விட்டு நகரும்போது ஒரு குழந்தையின் முகம் மாறுமே, அதுவும் உண்மை.

1973. எங்கள் வீட்டில் இந்த வருஷத்துக்கு வேறு அர்த்தம். அப்பாயி கடல் தாண்டி வந்தது அப்போதுதான்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத் தமிழர்களைத் தலைக்கணக்காகப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பேசிக்கொள்ளலாம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, பெரட்டுக்குப் போய், கொழுந்து பறித்து, அதே லயத்தில் பிள்ளை பெற்றவள் அப்பாயி. அவளுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அவள் மூத்த மகள், என் பெரிய அத்தை, கட்டிக்கொண்டு போன வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவென்று வனத்துறை 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் காடு திருத்திச் செடி நட்டவர்களில் அவளும் ஒருத்தி. கப்பலில் அவள் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தே வந்தாளாம். ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லையாம். இதை அப்பா என்னிடம் சொன்னது அவள் இறந்த பதினாறாம் நாள் காரியத்தன்று.

படகு இல்லத்தில் அவள் உட்கார்ந்திருந்த அந்த மே மாதத்தில் தலைமன்னார் கப்பலும் ஓடவில்லை. போர் தொடங்கி அது நின்றுபோயிருந்தது. பெரிய அத்தையை அப்பாயி அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் தூரத்துத் தண்ணீர் அவளுக்குப் பிடிக்கும். கோத்தகிரியிலிருந்து கோடநாட்டுக் காட்சிமுனைக்கு எங்களைக் கூட்டிப்போகச் சொல்லி அவளே கேட்பாள். அங்கே மலை சட்டென்று முடிந்துவிடும். பல ஆயிரம் அடிக்குக் கீழே காடு, காட்டுக்குள் வளைந்து வளைந்து மாயாறு, அதன் ஓரத்தில் ஒரு பச்சைச் சதுரம். "அந்தா பாரு, வயக்காடு மாதிரி இருக்கு" என்பாள். அது தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டத்தில் நெல் விளைகிற ஊர். சுதந்திரத்தை ஒட்டிய பஞ்ச காலத்தில், உணவு உற்பத்தியைப் பெருக்க, கோத்தகிரிப் பக்கத்துப் படகர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துக் காட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உண்டாக்கியது.

சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே போனேன். முதல் நாள் தங்கை குடும்பத்தோடு பைக்காராவில் மோட்டார் படகில் சுற்றிவிட்டு, மறுநாள் மலையிறங்கி, பவானிசாகர் வழியாக. அந்த ஊர்க்கார நண்பர் ஒருவர் வனத்துறை அனுமதிக்கு ஏற்பாடு செய்திருந்தார். கோடநாட்டில் நின்றால் காலடியில் தெரியும் ஊருக்கு அரை நாள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காட்டுப்பாதையில் குலுங்கிக்கொண்டு வரும் பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். ஊர் அக்கரையில். பாலம் கிடையாது. பரிசல்தான்.

பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. மூங்கிலைப் பிளந்து கூடையாக முடைந்து, முன்பு எருமைத்தோலால் மூடினார்கள், பிறகு தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக்கும், இப்போது பைபரிலும் வருகிறது. சுற்றிவர விளிம்பை ஒட்டி எல்லோரும் உள்பக்கம் பார்த்துக் குந்திக்கொள்ள வேண்டும். நடுவில் மூட்டைகள். நான் மட்டும் உடம்பைத் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசல்காரர் அதட்டினார். "சார், உள்ளாக்க பாத்து உக்காருங்க, சாயுது." மற்றவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு முதுகைக் காட்டியபடி வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார்கள். முதலை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. அது பாட்டுக்கு இருக்கு" என்றார்.

அந்தப் பரிசலில் பிரசவத்துக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள், சவம் ஏறுகிறது, உரமூட்டை, ரேஷன் அரிசி எல்லாம் ஏறுகிறது. வெள்ளம் வந்தால் எதுவும் ஏறாது, ஊர் தனித்துவிடும். பாலம் வேண்டும் என்று பல தலைமுறையாகக் கேட்டார்கள். புலிகள் காப்பகத்துக்குள் பாலம் எப்படி என்பது மறுபக்கம். கடைசியில் பாலத்துக்குப் பதிலாக ஊரையே வெளியே எடுத்துவிடலாம் என்ற பேச்சு வலுத்தது. சுமார் ஐந்நூறு குடும்பங்கள், குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. போகிறோம், போதும் இந்த ஆறு என்கிறவர்கள் இருக்கிறார்கள். நிலமே சொந்தமில்லாதவர்கள் 15 லட்சத்தை வைத்து எங்கே போவது என்கிறவர்களும் இருக்கிறார்கள். புலிக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் அந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். இருந்தும், தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு மனிதர்களை இடம் மாற்றுவதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அது எங்கள் வீட்டு வியாதி.

சாயங்காலம் திரும்புவதற்குக் கரைக்கு வந்தபோது பரிசல்காரர் கிளம்பவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தார். காலையில் தெரிந்த ஒரு பாறை இப்போது பாதிதான் தெரிந்தது. "மேல தண்ணி விட்டுட்டாங்க போல. கொஞ்சம் இருங்க, பாத்துட்டுப் போலாம்" என்றார். மேல என்றால் பைக்காரா. நேற்று நாங்கள் டிக்கெட் வாங்கிச் சுற்றிய தண்ணீர் சிங்காராவில் சக்கரம் சுற்றிவிட்டு, மாயாறாகி, இங்கே பாறையை மூடிக்கொண்டிருக்கிறது. ஊட்டி ஏரியின் தண்ணீரும் சாண்டிநல்லா, கல்லட்டி, சீகூர் என்று இறங்கி இந்த ஆற்றுக்குத்தான் வந்து சேரும். வரைபடத்தில் எத்தனையோ முறை விரல் வைத்துப் பார்த்த பாதை.

அக்கரைக்குப் போகக் காத்திருந்த ஒரு படகப் பாட்டி வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தன் மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"கோத்தகிரிங்க பாட்டி."

"அங்க கோடநாட்டு மேட்டுல நின்னா எங்க ஊரு தெரியுமாமே. பேரப்புள்ளைக போன்ல படம் எடுத்துட்டு வந்து காட்டுச்சு."

"தெரியும் பாட்டி. வயல் தெரியும், ஆறு தெரியும். சின்ன வயசிலேர்ந்து பாத்துட்டு இருக்கேன்."

"பரிசல் தெரியுமா?"

"அது தெரியாது" என்றேன்.